நிற்கும் வண்டிக்கும் இடம் வேண்டும்

ஓடும் வண்டியைப் பற்றி நாம் பாடநூல்களில் நிறையப் படிக்கிறோம். வேகம், முடுக்கம், உராய்வு என்று பக்கம் பக்கமாகக் கணக்குகள் போடுகிறோம். நிற்கும் வண்டியைப் பற்றி எந்தத் தேர்வுத்தாளிலும் கேள்வி வருவதில்லை. ஆனால் ஒரு காரின் வாழ்நாளில் பெரும்பகுதி நிற்பதிலேயே கழிகிறது. காலையில் அரைமணி, மாலையில் அரைமணி ஓடும் கார், மீதி 23 மணி நேரமும் எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும் அல்லவா? அந்த இடம் எவ்வளவு? அதை யார் கொடுப்பது?

அம்பாசமுத்திரம் போன்ற ஓர் ஊரில் 7 மீட்டர் அகலமுள்ள கடைத்தெரு ஒன்றைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு சாதாரணக் காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். சுவரோரம் விடும் இடைவெளியையும் சேர்த்தால் 1.9 மீட்டர் ஆகும். தெருவின் இருபுறமும் கார்கள் நின்றால், நடுவில் மிஞ்சுவது 3.2 மீட்டர். பேருந்தின் அகலமோ 2.5 மீட்டருக்குக் குறையாது. பாபநாசம் பேருந்து அந்த இடைவெளியில் நுழையும் நேரத்தில், பிரம்மதேசத்திலிருந்தோ மன்னார்கோவிலிலிருந்தோ சைக்கிளில் வரும் மாணவன் ஒருவன் எதிரே வந்தால் அவன் எங்கே ஒதுங்குவான்? நிற்கும் வண்டியின் கணக்கு இப்படித்தான் ஓடும் வண்டியின் ஆபத்தாக மாறுகிறது.

இதற்காகவே, ஒரு கட்டடத்துக்கு வருவோரின் வண்டிகள் தெருவில் நில்லாமல் அந்தக் கட்டடத்தின் மனைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் வழியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், இருசக்கர வண்டிக்கு 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் அவை தரும் அளவுகள். அதாவது காருக்கு 12.5 சதுர மீட்டர். இருசக்கர வண்டிக்கு 1.8 சதுர மீட்டர்.

இத்தகைய விதியின் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே கொலம்பஸ் நகரம் 1923லேயே, அடுக்குமாடி வீடு கட்டுவோர் கார் நிறுத்தவும் இடம் விட வேண்டும் என்று கட்டளையிட்டது. ஜப்பான் வேறு வழியில் சென்றது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற்றால்தான் கார் வாங்க முடியும். இன்று அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கட்டடத்தைக் கேட்காமல் கார் வாங்குபவரைக் கேட்கும் இந்த முறை எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

ஈரச் சக்கரம் சொல்லும் பாடம்

1.7 மீட்டர் அகலக் காருக்கு 2.5 மீட்டர் எதற்கு? கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டாமா! சக்கர நாற்காலியில் வருவோருக்கு அதுவும் போதாது. கதவை முழுவதும் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதால், அவர்களுக்கான இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டடத் தொகுப்பு விதி.

ஆனால் 12.5 சதுர மீட்டர் என்பது காரின் படுக்கை மட்டுமே. அதில் ஏறிப் படுக்க வழி வேண்டும். அந்த வழிதான் பெரிய செலவு. காரணத்தை அறிய ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். மழை பெய்து ஓய்ந்ததும் சைக்கிளைத் தேங்கிய நீரில் ஒருமுறை உருட்டி, உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் அடியுங்கள். தரையில் ஒன்றல்ல, இரண்டு ஈரக் கோடுகள் விழும். வெளிவட்டம் முன்சக்கரத்தினுடையது, உள்வட்டம் பின்சக்கரத்தினுடையது. பின்சக்கரம் எப்போதும் குறுக்கு வழியில்தான் போகும்!

இதைப் பிதாகரஸ் தேற்றத்தால் கணக்கிடலாம். வட்டத்தின் மையம், பின்சக்கரம், முன்சக்கரம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம் ஆகின்றன. முன்சக்கர வட்டத்தின் ஆரம் கர்ணம். பின்சக்கர வட்டத்தின் ஆரமும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் மற்ற இரு பக்கங்கள். நம் சைக்கிளில் இந்த நீளம் 1.1 மீட்டர் என்றும், முன்சக்கரம் 2 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றும் கொண்டால், பின்சக்கரத்தின் ஆரம் 1.67 மீட்டர். வேறுபாடு 33 சென்டிமீட்டர். காருக்கு நீளம் 2.4 மீட்டர், ஆரம் 4.8 மீட்டர் எனில் வேறுபாடு 64 சென்டிமீட்டர். பேருந்துக்கு நீளம் 5.5 மீட்டர், ஆரம் 10 மீட்டர் என வைத்துப் பாருங்கள்; வேறுபாடு 1.65 மீட்டர் வருகிறது! திரும்பும் பேருந்தின் உட்பக்கத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, முன்சக்கரம் நம்மைத் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கலாகாது. பின்சக்கரம் நம் பக்கமாக ஒன்றரை மீட்டருக்கு மேல் நெருங்கி வரும்.

ஆகவே கார் தன் உடலின் அகலத்தைவிட அகலமான பட்டையைத் துடைத்துக்கொண்டுதான் திரும்புகிறது. செங்கோணமாக நிற்கும் கார்களுக்கு முன்னால் சுமார் 6 மீட்டர் அகல வழி விட்டாக வேண்டும். இருபுறமும் கார்கள் நின்றால் வழியில் பாதி, அதாவது 3 மீட்டர், ஒவ்வொரு காரின் கணக்கில் சேரும். 2.5 மீட்டரை (5 + 3) மீட்டரால் பெருக்கினால் 20 சதுர மீட்டர். இத்துடன் வாயில், மூலைகள், திருப்பங்கள் எல்லாம் சேர வேண்டும். டெல்லியின் பெருந்திட்டத்தில் ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23, கட்டடத்தின் தரைத்தளத்தில் 28, நிலவறையில் 32 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும். கூரைக்கடியில் போனால் தூண்கள் இடத்தைத் தின்கின்றன. நிலவறைக்குப் போனால் சாய்தளமும் சேர்ந்துகொள்கிறது.

கார்களைச் சாய்வாக நிறுத்தினால் இடம் மிச்சமாகும் என்று பலர் எண்ணுவர். 45 பாகைச் சாய்வுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். வழியின் அகலம் 3.5 மீட்டராகக் குறைகிறது, இது இலாபம். ஆனால் ஒவ்வொரு காரும் வழியோரத்தில் 2.5 மீட்டருக்குப் பதில் 3.54 மீட்டரை அடைத்துக்கொள்கிறது. முக்கோண மூலைகள் வீணாகின்றன. ஒரு காரின் பங்கு கிட்டத்தட்ட 25 சதுர மீட்டர்! சாய்வு நிறுத்தம் ஒடுக்கமான மனைக்கு உதவும். மொத்தப் பரப்பைக் குறைக்க உதவாது.

அம்பையின் பழைய தெருக்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். அத்தகைய மனையில் ஒருவர் புதிதாகக் கடை கட்டி, விதிப்படி முன்புறத்தில் ஒரே ஒரு காருக்கு இடம் விடுகிறார் என்று கொள்வோம். உள்ளே நுழைய 3 மீட்டர் வாயில் வேண்டும். அந்த வாயிலுக்கு எதிரே தெருவில் யாரும் வண்டி நிறுத்த முடியாது. உள்ளே ஒரு காருக்கு இடம் கிடைத்தது. வெளியே ஏறத்தாழ ஒரு காரின் இடம் போயிற்று. ஊருக்கு என்ன மிச்சம்? பத்துக் கடைகள் சேர்ந்து ஒரே வாயிலுடன் ஒரு பொது முற்றம் வைத்தால் அல்லவா கணக்கு நேராகும்?

கையால் தூக்கித் திருப்பும் வண்டி

இப்போது சைக்கிளுக்கு வருவோம். அதன் நீளம் 1.8 மீட்டர், கைப்பிடியின் அகலம் 60 சென்டிமீட்டர். ஆனால் அதன் உண்மையான பெருமை அளவில் இல்லை. இறங்கி, சீட்டைப் பிடித்துத் தூக்கி, நின்ற இடத்திலேயே அதைத் திருப்பிவிடலாம். ஈரக் கோட்டுக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. ஓட்டிச் செல்லும் வழி வேண்டாம். உருட்டி நடக்கும் வழி போதும். அதற்கு 1.5 மீட்டர் விட்டு, பாதியைப் பங்கிட்டால், 0.6 மீட்டர் பெருக்கல் 2.55 மீட்டர், ஒரு சைக்கிளுக்கு 1.53 சதுர மீட்டர். ஒன்றுவிட்டு ஒன்றை முன்சக்கரம் சற்று உயர்ந்திருக்குமாறு நிறுத்தினால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதா. அப்போது 40 சென்டிமீட்டர் இடைவெளியே போதும். பங்கு 1 சதுர மீட்டராகச் சுருங்கும். ஒரு கார் கேட்கும் 20 சதுர மீட்டரில் 13 முதல் 20 சைக்கிள்கள் வரை நிற்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019இல் முழுமையடைந்த நிறுத்தகத்தில் 12,500 சைக்கிள்கள் மூன்று தளங்களில் நிற்கின்றன.

நமக்கு இது எட்டாத சேதி அன்று. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு சைக்கிள் வழங்கிவருகிறது. ஒரு பள்ளியில் 200 மாணவர்கள் அதில் வருகிறார்கள் என்றால், அவற்றுக்கு 306 சதுர மீட்டர் வேண்டும். பதினைந்து கார்களின் இடந்தான். அதை ஒதுக்காத பள்ளியில் சைக்கிள்கள் வேப்பமரத்தடியிலும் சுவரோரத்திலும் நெருக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஆடிக்காற்று வீசும்.

பக்க ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் எவ்வளவு எளிதில் விழும் என்று தெரியுமா? 20 கிலோகிராம் நிறையுள்ள சைக்கிள், 8 பாகை சாய்ந்து நிற்கிறது. ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து ஈர்ப்பு மையம் விலகியிருப்பது ஏறத்தாழ 7.7 சென்டிமீட்டர்தான். சைக்கிளைப் பிடித்து நிறுத்தும் திருப்புதிறன் 20 × 9.8 × 0.077, அதாவது 15 நியூட்டன் மீட்டர். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்டாண்டின் பக்கமிருந்து 17 நியூட்டன் விசையுடன் தள்ளினால் தீர்ந்தது. இது 2 கிலோகிராம் எடைக்கும் குறைவு! தோளில் புத்தகப்பையுடன் ஒருவன் சட்டென்று திரும்பினாலே போதும். விழும் சைக்கிள் அடுத்ததை இதைவிடப் பலமாக இடிக்கும்; வரிசை முழுவதும் சரியும். சட்டத்தைத் தாங்கும் இரும்பு வளைவுகளைத் தரையில் பதிப்பது இதனால்தான். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் பள்ளங்கள் நல்லவை அல்ல. வண்டி சாயும்போது முழுச் சுமையும் விளிம்பில் விழுந்து சக்கரம் கோணும். கோணிய சக்கரத்தைச் சரிசெய்யும் கூலி பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

விதி மறந்த கடிகாரம்

விதிகள் பொதுவாகத் தளப்பரப்பைக் கொண்டே இடத்தைக் கணக்கிடுகின்றன. இத்தனை சதுர மீட்டர் கடைக்கு இத்தனை கார் என்பார்கள். ஆனால் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பரப்பில் தெரியாது. ஒரு வங்கிக்கு மணிக்கு 60 வண்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 20 நிமிடம் நிற்கிறது. எந்த நேரத்திலும் சராசரியாக நிற்பவை எத்தனை? 60ஐ மூன்றிலொரு மணியால் பெருக்க, 20. வரும் வீதத்தை நிற்கும் நேரத்தால் பெருக்கினால் நிற்கும் எண்ணிக்கை கிடைக்கும். பார்க்க எளிதான இதை 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் கணித முறையில் நிறுவினார். மாறாக, ரயிலுக்கு வரும் 60 பேர் காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில்தான் எடுக்கிறார்கள் என்றால், 60 இடங்களும் வேண்டும். கல்யாண மண்டபமோ முகூர்த்த நாளில் வழியும். மார்கழி முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நாட்களில் பக்கத்துச் சந்தைக்கு வருவோர் அங்கே நிறுத்தினால் யாருக்கு என்ன நட்டம்?

இடத்தைத் தாராளமாகக் கேட்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே ஊரைச் சுற்றியிருப்பது தாமிரபரணிக் கால்வாய் பாயும் நெல்வயல். ஊர் பரந்தால் வயல்தான் சுருங்கும். சிமெண்டு போட்ட 23 சதுர மீட்டரில் ஐப்பசி மழை ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால், 1,150 லிட்டர் நீர் மண்ணில் இறங்காமல் சாக்கடைக்கு ஓடும். இது ஒரே ஒரு காரின் கணக்கு. அமெரிக்காவின் பஃபலோ நகரம் இத்தகைய குறைந்தபட்ச அளவுகளையே 2017இல் நீக்கிவிட்டது. காலி நிறுத்தங்கள் நகரின் நடுவே பெருகியதைக் கண்டு அமெரிக்க நகரங்கள் பலவும் இப்படிப் பின்வாங்கி வருகின்றன. நம் சிற்றூர்களுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. கொலம்பஸ் 1923இல் போட்ட வழியை அப்படியே நாம் நடந்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது மட்டும் உறுதி.

உங்கள் பள்ளிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். காலை 8 மணி முதல் 9.30 வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வளாகத்தில் நிற்கும் சைக்கிள்கள், இருசக்கர மோட்டார் வண்டிகள், கார்கள் ஆகியவற்றை எண்ணி வரைபடத்தாளில் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றும் வழியோடு சேர்த்து அடைத்திருக்கும் பரப்பை அளந்து, வண்டியில் வந்தவர் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற விடை மூன்று வகைக்கும் எப்படி வருகிறது என்று பாருங்கள். அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடமும் காட்டலாம்.