முகம் இருண்டது, உயிர் போகவில்லை

விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக வீட்டையே இடித்துவிடுவார் உண்டோ? ஆயினும், கணினியின் திரை இருண்டுவிட்டால் கணினியே போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைப் பழைய பொருள் வாங்குவோரிடம் தள்ளிவிடும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகிறது. அத்தவற்றைச் செய்ய ஒருநாள் நாமும் முனைந்தோம் என்பதை வாசகர்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை.

நம் பங்கு அலுவலகத்தில் இருப்பது, திரையும் மற்ற உறுப்புகளும் ஒரே கூட்டுக்குள் அமைந்த ‘ஆல் இன் ஒன்’ வகைக் கணினி. ஒரு திங்கட்கிழமை காலை அதன் திரை இருண்டது. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளின் பெயர்களை அகரவரிசைப்படுத்தி, நம் உபதேசியார் நான்கு ஆண்டுகள் மாலைதோறும் அமர்ந்து அதில் தட்டெழுதியிருந்தார். அதற்குப் பிரதி ஏதும் இல்லை. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், “புதுத் திரைக்கு ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதுக் கணினியே வாங்கிவிடலாம், இதைத் தள்ளிவிடுங்கள்” என்றார். உபதேசியார் வாய் திறக்கவில்லை. அவர் முகம் மட்டும் வாடிற்று.

மாலையில், பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் வந்தார். “ஃபாதர், தள்ளுவதற்கு முன் ஒரு டார்ச் விளக்குத் தாருங்கள்” என்று கேட்டு வாங்கி, இருண்ட திரைமீது சாய்வாக ஒளியைப் பாய்ச்சினார். என்ன வியப்பு! நிழல்போல் எழுத்துகள் தெரிந்தன. “கணினி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை” என்றார் அவர்.

திரை வேறு, கணினி வேறு

தட்டைத் திரையிலுள்ள திரவப் படிகத் தகடு தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் விளக்கொளி ஒன்று எரிகிறது. பழைய திரைகளில் மெல்லிய குழல் விளக்குகளும், பிந்தியவற்றில் எல்.இ.டி. விளக்குகளும் இப்பணியைச் செய்கின்றன. பின்னொளி மட்டும் பழுதானால், படம் உருவாகியும் நமக்குத் தெரியாது. திரையில் கோடுகளோ கறைகளோ விரிசலோ தென்பட்டால், பழுது தகட்டிலோ அதற்குச் செல்லும் வடத்திலோ இருக்கக்கூடும். இவற்றுள் எதுவானாலும், கணக்கிடும் மூளையும் நினைவைக் காக்கும் ஹார்டு டிஸ்க்கும் நலமாகவே இருக்கலாம்.

ஒரே கூட்டுக்குள் அடங்கிய கணினி புதுமையன்று. 1984-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டோஷ், 9 அங்குலத் திரையைத் தன் உடலிலேயே கொண்டிருந்தது. 1998-இல் வந்த ஐமேக் 15 அங்குலக் கண்ணாடிக்குழாய்த் திரையோடு வந்தது. 2002-இல் அதற்குத் தட்டைத் திரை வாய்த்தது. இடமும் வடங்களும் மிச்சமாவது இவ்வகையின் நன்மை. ஓர் உறுப்பின் பழுது முழு உடலின் பழுதாகத் தோன்றுவது இதன் குறை.

செய்ய வேண்டியவை

முதலில், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். விசிறியின் ஓசை கேட்கிறதா? ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்தினால் விசைப்பலகையின் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? ஆம் எனில் நம்பிக்கை உண்டு.

அடுத்து, கூட்டின் பின்புறமுள்ள செருகுவாய்களை நோக்குங்கள். எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட், வி.ஜி.ஏ. ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: சில கணினிகளில் எச்.டி.எம்.ஐ. வாய், வெளியிலிருந்து படத்தை உள்வாங்குவதற்கு மட்டுமே அமைந்தது. ‘இன்’ என்று குறித்திருந்தால் அது பயன்படாது. ‘அவுட்’ என்பதே நமக்கு வேண்டியது. டைப்-சி வாய்களும் எல்லாமே படத்தை அனுப்பக்கூடியவை அல்ல. யு.எஸ்.பி. வழியாகப் படம் தரும் இணைப்பான்களோ, உரிய மென்பொருள் நிறுவப்பட்ட பின்னரே இயங்கும். திரை இருண்ட பிறகு அவற்றை நம்புவது கடினம்.

கணினியை நிறுத்தி, வெளி மானிட்டரை வடத்தால் இணைத்து, மானிட்டரை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்குங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் உடனே மனம் தளர வேண்டாம். நுழைவுப் பக்கம் இருண்ட திரையிலேயே நின்றிருக்கலாம். என்டர் விசையைத் தட்டி, கடவுச்சொல்லைக் கண் காணாமலே தட்டெழுதி, மீண்டும் என்டரைத் தட்டிச் சற்றுப் பொறுத்திருங்கள். வெளித் திரையில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தோன்றினால், இரு திரைகளும் ஒரே மேசையாக விரிந்துள்ளன என்று பொருள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு P விசையை அழுத்தி, இரு திரைகளிலும் ஒரே படம் தோன்றும் முறையையோ, இரண்டாம் திரை மட்டும் இயங்கும் முறையையோ தேர்ந்துகொள்ளலாம். ஐமேக்கில் கமாண்ட் விசையோடு F1 விசையை அழுத்தினால் இரு திரைகளும் ஒரே படத்தைக் காட்டும்.

எல்லாம் செய்தும் வெளித் திரையில் படமே வராவிட்டால், பழுது இன்னும் ஆழமாக, தாய்ப்பலகையிலோ நினைவகத்திலோ இருக்கக்கூடும். அப்போதும் ஹார்டு டிஸ்க்கை அறிந்தவர் கொண்டு வெளியே எடுத்து, அதிலுள்ளவற்றை மீட்க வழியுண்டு. ஆனால் கூட்டை நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 2012 இறுதியில் வந்த ஐமேக் முதல் அவ்வகையில் முகக் கண்ணாடியே பசையால் ஒட்டப்பட்டுள்ளது.

முதற்கடமை

படம் தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பிரதி எடுப்பதே. பிள்ளைகளின் சான்றிதழ்கள், மறைந்த பெற்றோரின் புகைப்படங்கள், கணக்கு வழக்குகள் அனைத்தையும் இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். அதன் பிறகே கணினியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று சிந்தியுங்கள்.

வைத்துக்கொள்வதாயின், வெளித் திரையை முன்னிறுத்தி, பழைய கூட்டைக் காற்றோட்டம் தடைப்படாமல் பின்னால் வைக்கலாம். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கங்கள் சில வேளைகளில் இருண்ட திரையிலேயே தோன்றும் என்பது ஒரு குறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதால், அதில் இயங்கும் பழைய கணினியில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பது நலம். கழிப்பதாயின், உள்ளிருப்பவற்றை முற்றும் அழித்துவிட்டு, மின்னணுக் கழிவைப் பெறப் பதிவு பெற்றோரிடமே ஒப்படையுங்கள். இதற்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளன.

நம் அலுவலகத்தில், பங்குப் பள்ளியிலிருந்து இரவலாகப் பெற்ற மானிட்டரை இணைத்த அரைமணி நேரத்தில் அகரவரிசைப் பட்டியல் கண்முன் விரிந்தது. உபதேசியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை தாமே ஒருமுறை பார்த்தார். பிறகு நம்மை நோக்கி, “சாமி, இதற்கு ஒரு பிரதி எடுத்துவிடலாமா?” என்று மெல்லக் கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நாம் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.