கட்டம் நிரம்பினால் போதுமா?

நாளிதழில் குறுக்கெழுத்துப் புதிருக்கு மறுநாள் விடை வருகிறது. கட்டங்களில் எழுத்துகள் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். அந்த விடை ஏன் சரி என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. சொல்லுக்குப் பொருள் கேட்கும் சாதாரணப் புதிருக்கு இது போதும். ஆனால் ‘கிரிப்டிக்’ என்று சொல்லப்படும் பொடிவைத்த புதிருக்கு இது போதவே போதாது. விடை எப்படி வந்தது என்ற விளக்கமும் அந்தப் புதிரின் ஒரு பகுதிதான். அதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

‘ஆந்திராவில் ஓர் ஊர், நான்கு எழுத்து’ என்று ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சித்தூர் பொருந்தும். எலும்புமுறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பொருந்தும். குப்பமும் பொருந்தும். குறுக்கே வரும் சொற்கள் கடைசி மூன்று கட்டங்களை நிரப்பித் தந்தால் குப்பம் கழிந்துவிடும். ஆனால் முதல் கட்டத்தில் ‘சி’யா ‘பு’வா என்ற சந்தேகம் தீராது. இதையே ‘மாயவித்தையும் கிராமமும் சேரும் ஆந்திர நகரம்’ என்று எழுதிப் பாருங்கள். மாயவித்தை என்றால் சித்து, கிராமம் என்றால் ஊர். சேர்த்துச் சொன்னால் சித்தூர். ஊருக்கு உண்மையில் அப்படித்தான் பெயர் வந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. குறிப்பின் ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கிறது, மீதிப் பகுதியில் சொல்லைக் கட்டும் வழி இருக்கிறது. இரண்டும் ஒரே விடையில் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் விதி. அப்படி நின்றுவிட்டால் புத்தூருக்கு அங்கே வேலையில்லை. மறுநாள் பத்திரிகை வரும்வரை காத்திருக்காமல், புதிரை விடுவித்தவரே தன் விடை சரியென்று உறுதி செய்துகொள்ளலாம். விடையை மட்டும் அச்சிடுவது சாட்சியத்தை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிப்பதற்குச் சமம்.

இந்த விதி ஒரே நாளில் வந்ததல்ல. முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் அமைத்தது. அதில் பொடி எதுவும் கிடையாது. பொடிவைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் எழுதியவரின் புதிர்களில் சாமர்த்தியம் இருந்த அளவுக்கு ஒழுங்கு இல்லை. அவருக்குப் பின் 1939இல் வந்த சிமெனிஸ் என்பவர்தான் எது நியாயமான குறிப்பு, எது ஏமாற்று என்று வரையறுத்தார். 1966இல் அதை ஒரு நூலாகவும் எழுதினார். அதைவிட முக்கியம், வாசகர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளுக்குப் போட்டி வைத்து, எது ஏன் தேறியது, எது ஏன் தேறவில்லை என்று கருத்துரை எழுதிச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார். இந்தக் கலையின் இலக்கணம் வளர்ந்தது அந்த விமர்சனத்தில்தான். நம் நாட்டிலும் இதற்கு நல்ல மரபு உண்டு. கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப் பின் ‘தி இந்து’ நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்துவந்தார்.

இங்கிலீஷ் படித்த மேல்தட்டின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு வரிந்துகட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள், திருப்பதியிலோ சித்தூரிலோ ஓர் அவதானம் நடந்தால் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் அவதானியைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி தொடுப்பார்கள். சமஸ்யை கொடுப்பவர் அபத்தமாகவோ முறைகேடாகவோ தொனிக்கும் ஓர் அடியைச் சொல்வார். அவதானி முந்தைய அடிகளை இட்டுக்கட்டி, சொல்லை வேறிடத்தில் பிரித்து, அந்த அடிக்கு நல்ல பொருள் வரச் செய்ய வேண்டும். மேலோட்டமாக ஒன்று, பிரித்தால் இன்னொன்று: பொடிவைத்த குறிப்பின் உயிரும் இதுதான். பாட்டு பிறந்ததும் எங்கே பிரிந்தது, எப்படிப் பொருந்தியது என்று சபைக்கு விளங்க வேண்டும்; விளங்கினால்தான் கைதட்டல். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னமாச்சார்யா திட்டத்துக்கு இயக்குநராக இருந்த மேடசானி மோகன் பெயர்பெற்ற அவதானி. தமிழில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் காளமேகத்தின் சிலேடைகளும் இருக்க, தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இந்த வட்டாரத்துக்குச் சொல் விளையாட்டை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதில்லை.

தமிழில் இது சரிப்படாது, உயிர்மெய் எழுத்துகளைக் கலைத்துப்போட்டால் வேறு சொல் கிடைக்காது என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தைவிட அரிது என்பது உண்மை. கிடைக்கவே கிடைக்காது என்பது உண்மையல்ல. ‘கலைத்து விதைக, கவிஞன் அறுவடை செய்வது’ என்று மூன்றெழுத்தில் ஒரு குறிப்பு கொடுக்கலாம். ‘விதைக’ என்பதைக் கலைத்தால் கவிதை. எழுத்துக் கலைப்பில் குறைவதைத் தமிழ் புணர்ச்சியில் ஈடுகட்டுகிறது. ‘இலக்குமியின் கணவனைத் தேடி பக்தர்கள் வரும் ஊர்’, ஐந்து எழுத்து. இலக்குமி திரு, கணவன் பதி, திருப்பதி. குறிப்பு முழுவதுமே விடைக்கு நேர்ப்பொருளாகவும் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் இத்தகைய புதிர்களைத் தமிழிலேயே அமைத்துக் காட்டியிருக்கிறார். நம் தமிழ் நாளிதழ்கள்தான் இன்னும் ‘அரசன், வேறு சொல்’ என்ற அளவில் நிற்கின்றன.

விளக்கம் அச்சிட நாளிதழில் இடமேது என்ற ஆட்சேபம் நியாயமானது. முப்பது குறிப்புக்கும் விளக்கம் போட இடமில்லை என்றால் கடினமான ஐந்துக்குப் போடட்டும். ‘சித்து + ஊர்’ என்பதற்கு எத்தனை அங்குலம் வேண்டும்? தேர்ந்தவர்களுக்கு விளக்கம் எதற்கு என்பது அவ்வளவு நியாயமான கேள்வியல்ல. அவர்கள் படிக்காமல் தாண்டிப் போகலாம். புதிதாக வருபவருக்கு வேறு வாசல் இல்லை. கைபேசியில் தேடினால் விடை வந்துவிடுகிறதே என்றால், வருவது பெரும்பாலும் விடைதான், காரணம் அல்ல. அமைப்பவருக்கும் விளக்கம் ஒரு கடிவாளம். திருப்பதிக் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் தோன்றும் ‘ப்’ என்னும் சந்தி எழுத்தைக் குறிப்பில் எங்காவது சுட்ட வேண்டுமா, வாசகரின் இலக்கண அறிவுக்கே விட்டுவிடலாமா? வாஞ்சிநாதன் போன்ற ஓரிருவரை விட்டால் தமிழில் இதை அமைத்துப் பார்த்தவர்களே குறைவு. விளக்கம் அச்சாகி, வாசகர்கள் ‘இது செல்லாது’ என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, அமைப்பவர் பதில் சொன்னால்தான் இதற்கு ஒரு முடிவு பிறக்கும்.