ஒளிர்வதெல்லாம் புற்றுநோயா?

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வெற்றிலை பாக்குக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் மிகுதி. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம்.

ஒருவருக்கு இந்நோய் வந்தால், அது கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டதா என்று மருத்துவர் அறிய வேண்டும். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று பெட் ஸ்கேன்.

முதலில் எஃப்டிஜி எனும் பொருளை ஊசிவழி இரத்தத்தில் செலுத்துவார்கள். அது குளுக்கோஸ் போன்றது. ஆனால் கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 அணுவைச் சுமந்திருக்கும். வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணுக்கள் குளுக்கோஸை அதிகம் இழுப்பதால் இதுவும் அங்கே சேரும். ஃபுளோரின்-18 சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், எலக்ட்ரானைச் சந்தித்து அழியும். உடனே எதிரெதிர்த் திசைகளில் இரு காமா கதிர்கள் பாயும். கருவி அவற்றைப் பிடித்து, புறப்பட்ட இடத்தைக் கணித்துப் படத்தில் ஒளிரச் செய்யும். இப்படி இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருளைத் தடங்காட்டி என்போம்.

ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். ஐந்தரை மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சிக்கல் என்னவென்றால், மூளையும் குளுக்கோஸை அதிகம் இழுக்கும். வீங்கிய டான்சிலும் சீழ் பிடித்த பல்லும்கூட ஒளிரும். தலை, கழுத்துப் பகுதியில் இது குழப்பம் தரும்.

எனவே 2018இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் ஆய்வாளர்கள் எஃப்ஏபிஐ எனும் புதுவகைத் தடங்காட்டியை வெளியிட்டார்கள். இது குளுக்கோஸைப் பின்தொடர்வதில்லை. புற்றுக்கட்டியைச் சூழ்ந்திருக்கும் நார்த்திசு உயிரணுக்களின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அவ்வளவாகச் சேர்வதில்லை. ஆனால் ஆறிவரும் புண்ணிலும் இது ஒளிரக்கூடும்.

அப்படியானால் புதிய தடங்காட்டியை எப்படிச் சோதிப்பது? ஒரே நோயாளிக்கு இரு ஸ்கேன்களும் எடுத்து ஒப்பிடலாம். ஆனால் தீர்ப்புச் சொல்வது நுண்ணோக்கிதான். அறுவைச் சிகிச்சையில் அகற்றிய முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எடுத்துக்காட்டாக, ஒளிர்ந்த 10 முடிச்சுகளில் 7இல் மட்டுமே புற்றுநோய் இருந்தால், 3 பொய் எச்சரிக்கை. ஒளிராத முடிச்சில் நோய் இருந்தால், அது தவறவிட்டது. முன்னது தேவையற்ற அறுவைக்கு வழிவகுக்கும். பின்னது நோயை உள்ளேயே விட்டுவைக்கும். இரண்டும் குறைந்தால்தான் புதியது சிறந்தது எனலாம்.

எந்த ஸ்கேனுக்கும் முந்திய சோதனை ஒன்று உண்டு. வெற்றிலை போடும் பாட்டி வீட்டில் இருக்கிறாரா? வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.