ஐம்பத்தேழு நாளும் ஓர் எழுத்தும்

செஞ்சிக்குப் போகிறவர்களின் கண் முதலில் ராஜகிரி உச்சிக்குத்தான் ஓடும். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை அல்லவா! ஊருக்கு வடக்கே, சிறுகடம்பூர்ப் பக்கம், திருநாதர்குன்று என்றொரு சின்னக் குன்றும் இருக்கிறது. அதன் பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயே கோட்டையைவிடப் பல நூற்றாண்டு மூத்த ஒரு கல்வெட்டும் உண்டு.

அது சொல்வது ஒரே செய்தி. 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இது. சமணத் துறவி நோன்பிருந்து உயிர்விட்ட இடமே நிசீதிகை. ஆடி முதல் தேதி தொடங்கினால், 57ஆம் நாள் ஆவணியின் கடைசி வாரத்தில் வரும். அத்தனை நாள் ஓர் உடல் எப்படித் தாங்கியது?

கல்லீரலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பு கரையும். சிக்கல் மூளையில்தான்: உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருந்தாலும், ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். கொழுப்பையோ அதனால் நேரடியாக எரிக்க முடியாது. ஆகவே கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கிறது. நீண்ட பட்டினியில் மூளை பெருமளவு இதை வைத்தே இயங்குகிறது என்பதை ஜார்ஜ் காஹிலின் ஆய்வுக்குழு 1967இல்தான் காட்டியது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மூளைக்குச் சர்க்கரை செய்து கொடுப்பதற்காகவே தசைகள் விரைவில் கரைந்துபோயிருக்கும்.

சல்லேகனை எனப்படும் இந்த நோன்பின் விதிகள் உடலியலைவிட நுட்பமானவை. தீராத நோய், தளர்ந்த முதுமை, பஞ்சம், விலக்க முடியாத ஆபத்து ஆகியவையே அதற்குரிய காலங்களென்று சமந்தபத்திரரின் ‘இரத்தின கரண்டக சிராவகாசாரம்’ வகுக்கிறது. நோற்பவர் முதலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னிக்க வேண்டும். இன்னும் வாழ வேண்டுமென்ற ஆசை குற்றம்; சீக்கிரம் சாக வேண்டுமென்ற ஆசையும் குற்றம்! என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இரண்டாவது விலக்குதான். மனச்சோர்வில் உயிரை முடித்துக்கொள்வதற்கும் இதற்கும் நடுவே அது உறுதியான ஒரு கோட்டைக் கிழிக்கிறது.

வாழ்க்கைச் சடங்குகள் எல்லாவற்றுக்கும் மூன்று படிகள் உண்டென்று 1909இல் எழுதினார் மானிடவியலாளர் ஆர்னால்டு வான் ஜென்னப்: பழைய நிலையிலிருந்து பிரிவது, வாசற்படியில் நிற்பது, புதிய நிலையோடு சேர்வது. காதுகுத்து, கல்யாணம் எதற்கும் இது பொருந்தும். சந்திரநந்தியின் மன்னிப்பும் விடைபெறலும் முதல் படி. 57 நாள் நோன்பு இரண்டாம் படி. மூன்றாவதை அவரால் செய்துகொள்ள முடியாது. உடனிருந்தவர்கள் நாள்களை எண்ணி, பெயரோடு பாறையில் பொறித்தார்கள். சடங்கு நிறைவுற்றது அந்த உளியில்தான் என்பேன்.

அந்த உளி இன்னொன்றும் செய்தது. கல்வெட்டு தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு மாறும் காலத்தது. வயது சுமார் 1,500 ஆண்டு. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ என்ற உயிரெழுத்து முதன்முதலில் தென்படுவது இங்கேதான் என்று கருதப்படுகிறது. ‘ஐம்பத்தேழு’ என்று எழுத அது தேவைப்பட்டது. நோன்பு 47 நாளில் முடிந்திருந்தால் அந்த எழுத்துக்கு அங்கே வேலையே இருந்திருக்காது!

சில நூற்றாண்டு கழித்து, இதே குன்றில் 30 நாள் நோற்ற இளையபட்டாரருக்கும் ஒரு நிசீதிகைக் கல்வெட்டு எழுந்தது. இந்த நோன்பு மரபு இன்றும் அறுபடவில்லை; அது நீதிமன்றம் வரையும் போனது. 2015 ஆகஸ்ட் 10இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைக் குற்றமென்றது. அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், கோட்டை ஏறும் முன் காலை வெயிலில் திருநாதர்குன்றுக்குப் போய்வாருங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பாறை எழுத்துகள் நன்றாகத் தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசி அவற்றைப் படிக்க முயலாதீர்கள்.