தும்பிக்கை போட்ட லை: கோச்சடையில் ஒரு போர்டுப் பட்டறை

பொங்கல் லீவில் குடும்பத்தோடு கோச்சடைக்குப் போயிருந்தபோது மாமாவின் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேலக்கால் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. எழுபதுகளின் நடுவில், பதினைந்து வயதில், பிரஷ் பிடித்தவர் அவர். இப்போது வெட்டி வரும் அக்ரிலிக் எழுத்தை ஒட்டி, உள்ளே எல்.இ.டி. கோர்ப்பதுதான் வேலை. மூலையில் யாரும் வாங்கிப்போகாத பழைய தகர போர்டு ஒன்று: ‘விற்பனை நிலையம்’. எழுத்துக் கூட்டிப் படித்த என் மகள் ‘விற்ப’வோடு நின்றுவிட்டாள். “இது என்ன எழுத்து தாத்தா?”

பழைய ‘னை’ அது. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் தனிக்கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. ணா, றா, னாவிலும் அவற்றின் ஒகர ஓகார வரிசைகளிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருக்கும். ஆக 13 எழுத்துகள். இவற்றை மாற்றிப் பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. அச்சுக் கோர்ப்பவருக்கும் படிக்கும் குழந்தைக்கும் சுமை குறையும் என்பது நியாயம். ஒரு தலைவர், ஓர் அரசாணை என்று நம்முடைய எழுத்துச் சீர்திருத்த வரலாறு இங்கே முடிந்துவிடுகிறது.

மாமாவின் கை அங்கே முடியவில்லை. “கவர்ன்மெண்டு போர்டுன்னா புது எழுத்து, மாப்ள. கடைக்காரரு கேட்டா பழசு. ஒண்ணும் சொல்லலைன்னா எடத்தப் பாத்து நாங்களே முடிவு பண்ணுவோம்.” சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துத் தட்டி மேலும் கீழும் கோடு விழவைப்பார்கள். தும்பிக்கைக்குக் கோட்டுக்கு மேலே இடம் வேண்டும். தனிக்கொம்புக்குப் பக்கத்தில் வேண்டும். உயரமா, அகலமா? ஆணை வந்தபின்னும் இந்தத் தீர்மானம் தொழிலாளியின் கையில் இருந்தது. கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அரசு விதியும் அளவைத்தான் சொல்கிறது, வடிவத்தை அல்ல.

அதைக் கையிலிருந்து எடுத்தது ஃபாண்ட். யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான். வடிவம் ஃபாண்டின் பொறுப்பு. புழக்கத்திலுள்ள ஃபாண்டுகளில் பெரும்பாலும் புதியது மட்டுமே. நானும் இங்கே அந்த எழுத்தை அச்சிட்டுக் காட்ட முடியாமல் விவரித்துக்கொண்டிருக்கிறேன்.

வால்டர் பெஞ்சமினின் 1936ஆம் வருஷத்துக் கட்டுரையைச் சொல்லி, ஒளிவட்டம் போய்விட்டது என்று புலம்பலாம். பெஞ்சமினே அதை வெறும் இழப்பாகப் பார்க்கவில்லை. மாமாவுக்கும் டர்பெண்டைன் நெடி மேல், சாரத்தில் தொங்கிய நாட்கள் மேல் ஏக்கமில்லை. “முன்னெல்லாம் தலைவருக்கும் நடிகருக்கும்தான் மொகம் வரைவோம். ஃபிளெக்ஸ் வந்தப்புறம் காதுகுத்துக்கு எல்லாரு மொகமும் ரோட்டுக்கு வந்துருச்சு.” இந்த ஜனநாயகத்தைக் கணக்கில் எடுக்காத ‘கையெழுத்து அழகியல்’ மேட்டுக்குடி ஏக்கம்தான்.

சீர்திருத்தத்தின் பக்கம்தான் நானும். ஆனால் அதைப் பற்றிப் பொதுவெளியில் வாதம் நடந்தது. ஆணைக்குப் பிறகும் பாதி கீழ்ப்படியாமைக்கு இடமிருந்தது. ஃபாண்டில் அந்த இடம் அடைபட்டபோது யாரும் வாதிடவில்லை. பிரதி, எழுத்து, அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம் கூலிக்கு எழுத்து எழுதியவர்களை அந்த வரலாற்றில் சேர்க்கவே இல்லை.

அவரவர் ஊரில் மிச்சமிருக்கும் போர்டுகளைப் படமெடுத்து, எழுதியது யார், எந்த வருஷம், ஏன் அந்த வடிவம் என்று கேட்டு எழுதிவைக்கலாம். எம்.ஏ. தமிழில் எழுத்து வரலாறு படித்தவன் நான். மாமாவிடம் இதைக் கேட்டது, மகள் திக்கி நின்ற அன்றுதான்.