முதல் குதிரையேற்றப் பாடம்

குதிரையேற்ற மரபு நெடுங்காலமாகத் தொடரும் நகரம் கொல்கத்தா. 1862இல் தொடங்கிய கொல்கத்தா போலோ கிளப், உலகில் இன்றும் இயங்கும் போலோ கிளப்புகளிலேயே பழையது. காவல்துறையின் குதிரைப்படை இன்றும் மைதான் என்னும் பெருந்திடலில் ரோந்து வருகிறது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட திப்பு சுல்தானின் வழியினர் வாழ்ந்த டாலிகஞ்ச் பகுதியில், 1895இல் நிறுவப்பட்ட டாலிகஞ்ச் கிளப் இருக்கிறது. அங்கே சிறுவயதில் குதிரையேறிப் பழகிய அனுஷ் அகர்வாலா, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் தங்கம் வென்ற நால்வரில் ஒருவர். தனிநபர் பிரிவில் வெண்கலமும் பெற்றார்.

முதல் பாடத்துக்கு வருபவர் கவனிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது காலணி. அடிப்பாகம் வழுவழுப்பாகவும் குதிகால் சுமார் 2 செ.மீ. உயரமாகவும் இருக்க வேண்டும். குதிகால் இல்லாவிட்டால், சேணத்திலிருந்து தொங்கும் மிதிவளையமான அங்கவடிக்குள் பாதம் முழுதும் நுழைந்துவிடும். ஓட்டப்பந்தயக் காலணியின் சொரசொரப்பான அடிப்பாகமோ அங்கவடியில் பிடித்துக்கொள்ளும். விழும்போது கால் சிக்கினால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடும். குதிரையேற்ற விபத்துகளில் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கனமானது, பக்கப் பார்வையையும் மறைக்கும். உடலோடு ஒட்டிய நீளக் கால்சட்டை போதும். துப்பட்டா, தொங்கும் நகை எதுவும் கூடாது.

குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். ஐயம் வந்தால் ஓடு என்பதே அதன் இயல்பு. கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகைக்குச் சுற்றுப்புறத்தைப் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் அதற்குத் தெரியாது. எனவே பேச்சுக் கொடுத்தபடி, அதன் இடத் தோளை நோக்கிச் சாய்வாக நெருங்க வேண்டும். காதுகள் முன்னோக்கினால் அது கவனிக்கிறது; பின்னால் படிந்தால் சினத்தில் இருக்கிறது. வாயருகே உள்ள பொருளையும் அதனால் காண முடியாது, உதட்டால் தடவித்தான் அறியும். ஆகவே குதிரைப் பராமரிப்பாளரான சயீஸைக் கேட்டுவிட்டு, விரல்களை நீட்டிய உள்ளங்கையில் வைத்துத்தான் கேரட் கொடுக்க வேண்டும்.

சேணத்தைப் பிணைக்கும் வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் உடலை விறைத்துக்கொள்ளும். சற்று நடந்ததும் வார் தளர்ந்து சேணம் சரியக்கூடும் என்பதால், ஏறுமுன் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம். அங்கவடியின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: விரல்நுனி சேணத்தில் அங்கவடியின் வார் மாட்டிய இடத்தைத் தொட, அங்கவடி அக்குள்வரை எட்ட வேண்டும். ஏறுவது இடப்பக்கமிருந்து. இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கவிட்ட வீரர்களின் வழக்கம் அது என்பர். படிமேடை வைத்து ஏறினால் குதிரையின் முதுகுக்குச் சிரமம் குறையும்.

அமர்ந்தபின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள, குதிரை வட்டமாக நடக்கும். நடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும். அசைவு மென்மையாக இருக்கும். டிராட் என்னும் ஓட்டநடையில் குறுக்கெதிர்க் கால்கள் இணையாக எழுவதால் உடல் துள்ளும். அப்போது கடிவாளத்தைப் பற்றிச் சமநிலை தேடக் கூடாது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத மெல்லிய ஈறு உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் படிகிறது, இழுத்தால் வலிக்கும். பிடிப்பு வேண்டுமென்றால் பிடரிமயிரைப் பற்றலாம்.

கொல்கத்தாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு ஏற்ற காலம். மற்ற மாதங்களில் விடியற்காலையே நல்லது. ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் மனிதரும் குதிரையும் ஒன்றுபோலக் களைப்படைவர். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது பொதுவான நெறி. ஆகவே எடையையும் முதுகுவலி போன்ற தொல்லைகளையும் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விக்டோரியா நினைவகத்தருகே வண்டியிழுத்தும் சவாரி சுமந்தும் பிழைக்கும் குதிரைகளின் நிலை கல்கத்தா உயர் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. எனவே கற்க விரும்புபவர் பணம் கட்டுமுன் லாயத்துக்குள் சென்று பார்க்கட்டும். விலா எலும்பு துருத்திய, குளம்பு பிளந்த, முதுகில் சேணப்புண் உள்ள குதிரைகள் நிற்கும் இடத்தில் ஏறவே கூடாது.