சத்தம் வேறு, தெளிவு வேறு!

பெரியவர்கள் இருக்கிற வீட்டில் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 'காது மந்தம்' என்று சொல்லி நாமும் பேசாமல் இருந்து விடுகிறோம். ஆனால், சத்தத்தைக் கூட்டினால் மட்டும் அவர்களுக்குப் பேச்சு விளங்கி விடாது தோழியரே!

என் மாமனார் இளவயதில் சங்கு குளித்தவர். எங்கள் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்று போனது. சங்கு குளிப்பு தொடர்ந்தது. கடலில் 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகி விடும். வருஷக்கணக்காக அதைத் தாங்கிய காது. வயசும் எழுபதைத் தாண்டி விட்டது. "சத்தம் கேக்குதும்மா, என்ன பேசுதாவன்னுதான் வெளங்கல" என்பார். நியூஸ் புரியும், சீரியல் புரியாது. நாளடைவில் எங்களோடு உட்காருவதையே விட்டு, தனியாகத் திண்ணைக்குப் போய் விட்டார். அதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

காது டாக்டரிடம் காட்டினோம். வயசானால் முதலில் குறைவது, கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறனாம். அ, ஆ, ஓ போன்ற உயிரோசைகள் கனமானவை. அவை காதில் விழுந்து விடும். க, ச, த, ப எல்லாம் மெலிதானவை, நழுவி விடும். 'படி' என்றாலும் 'கடி' என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். சீரியலில் வசனத்தின் மேல் இசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்! போதாததற்கு இப்போதைய மெல்லிய டி.வி.க்களில் பலவற்றுக்கு ஸ்பீக்கர் அடியிலோ பின்னாலோ இருக்கிறது. சத்தம் சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது.

நாங்கள் செய்து பார்த்து, பலன் கண்டவை:

* டி.வி.யின் சவுண்ட் செட்டிங்கில் 'பேஸ்' குறைத்து, 'டிரெபிள்' கூட்டினோம். 'சரவுண்ட்' இருந்தால் நிறுத்தி விடுங்கள். சில டி.வி.க்களில் 'கிளியர் வாய்ஸ்' என்றே இருக்கும்.

* சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தோம். சத்தம் குறைவாக வைத்தாலே அவருக்குப் புரிகிறது. பிள்ளைகள் படிப்பும் கெடவில்லை.

* அவர் டி.வி. பார்க்கிற நேரம் மிக்சி, கிரைண்டர் போடுவதில்லை.

* எழுத்து ஓடும் வசதி உள்ள படங்களை அப்படியே போடுகிறோம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

இதற்கு முன்னால் ஒருமுறை காதைக் காட்டி விடுங்கள். வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். காய்ச்சிய எண்ணெய் விடுகிற வேலை வேண்டவே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், அன்றைக்கே ஓட வேண்டும்.

செவித்திறன் குறைந்தவர்களும் டி.வி. நிகழ்ச்சிகளை அறிய சைகை மொழியோ, வசன எழுத்தோ வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. சீரியல் எடுக்கிறவர்கள் வசனத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு, இசையையும் கொஞ்சம் குறைத்தால் புண்ணியமாகப் போகும்.

'எனக்குக் கேக்கல' என்று பெரியவர்கள் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். மெல்ல ஒதுங்கிப் போவார்கள். நாம்தான் கவனிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி.